திருப்பூர் சாயக்கழிவு: மாசு ஒழிந்ததா, இடம் மாறியதா? (மூவர் புனைபெயரில் நடத்திய விவாதம்)

கொதிகலன்:
2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற விதிக்கு உட்பட்டுத்தான் திருப்பூரில் இந்தத் தொழில் நடக்கிறது. இதை எல்லோரும் வெற்றிக் கதையாகவே எழுதுகிறார்கள். பொது சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வின் வழியே நீரின் பெரும்பகுதியை மீட்க ஆயிரம் லிட்டருக்குச் சில யூனிட் மின்சாரம் போதும். மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சும்போதுதான் கணக்கு உதைக்கிறது. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு அது 600 யூனிட்டுக்கும் மேல். ஒரு கலனின் ஆவியைக் கொண்டே அடுத்த கலனைச் சூடாக்கும் எவாப்பரேட்டர் இதில் பெரும்பங்கை மிச்சப்படுத்தினாலும், கொதிகலனுக்கு லாரி லாரியாக விறகு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆற்றில் போன மாசைப் புகையாக்கிவிட்டு அதற்குப் பூஜ்ஜியக் கழிவு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கடைமடைக்காரன்:
புகையைப் பற்றி இவ்வளவு எழுதியவர் ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டிய அணை சாயக்கழிவுத் தொட்டியாகி, அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்த ஆற்றுப் பாசன விவசாயிகள், வழக்கு நடத்தியதால்தான் நீங்கள் குறிப்பிடும் உத்தரவே பிறந்தது.

உப்பு, நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும் பொருள் அல்ல. அது போய்ச் சேர்ந்த இடத்திலேயே தங்கும். சோடியம் களிமண் துகள்களைப் பிரித்து மண்ணின் துளைகளை அடைத்துவிடுவதால், மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காது. வெயில் காய்ந்தால் நிலம் வெள்ளையாகப் பூத்துவிடும். தென்னையில் ஓலையின் நுனி கருகுவதே முதல் அடையாளம். புகைபோக்கியில் வடிகட்டி பொருத்தலாம், வெட்டிய மரத்தை மீண்டும் வளர்க்கலாம். உவர்த்துப்போன கிணற்றுக்கு என்ன செய்வீர்கள் ஐயா?

வேதியியல் வாத்தியார்:
வெட்டும் வேகத்துக்கு மரம் வளர்ந்தால்தான் விறகு ஈடாகும் என்பதைக் கடைமடைக்காரர் மறந்துவிட்டார். ஆனால் இருவரும் குழாயின் கடைசி முனையில் நின்றே பேசுகிறீர்கள். பருத்தியும் அதற்குப் போடும் ரியாக்டிவ் வகைச் சாயமும் நீரில் எதிர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்குவதால்தான் உப்பு போடுகிறோம். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் என்பது சாதாரணம். துணியின் எடையைப் போல் பத்து மடங்கு நீர் எடுக்கும் இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு 600 கிராம் உப்பு இறங்குகிறது. அது துணியில் தங்காமல் அப்படியே கழிவில் போகிறது. ஆறு மடங்கு நீரில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் அதே துணிக்கு 360 கிராம்தான். காய்ச்ச வேண்டிய கரைசலும் அந்த அளவுக்குக் குறையும்.

கொதிகலன்:
வாத்தியார் சொல்வது சரிதான், ஆனால் ஜாப் ஒர்க், அதாவது பிறர் துணிக்குக் கூலிக்குச் சாயமேற்றும் வேலை, செய்யும் சிறு பட்டறை அந்த இயந்திரத்தின் விலையைத் தாங்காது. சாயமேற்றும் உப்பாகச் சோடியம் சல்பேட்டை மட்டும் பயன்படுத்தும் பட்டறைகளின் உப்புக் கரைசலைக் கடினத்தன்மையும் நிறமும் நீக்கி நேரே சாயத்தொட்டிக்குத் திருப்பி அனுப்பலாம். அதைக் காய்ச்சவே தேவையில்லை. சாதாரண உப்பான சோடியம் குளோரைடும் சல்பேட்டும் கலந்துவிட்டால் அந்தக் கலப்பு உப்பை வாங்க ஆளில்லை. கொட்டகையில் மூட்டையாக அடுக்கி, மழைக்காலத்தில் அது ஈரம் இழுத்துக் கசிவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால்தான் கேட்கிறேன்: ஆற்றில் வெள்ளம் போகும் மாதங்களில் மட்டும், கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வரம்புக்குள் நீர்க்கச் செய்து வெளியே விட்டால் என்ன?

கடைமடைக்காரன்:
தண்ணீர் ஊற்றி வரம்புக்குள் கொண்டுவந்தால் செறிவு குறையுமே தவிர, உப்பின் மொத்த எடை ஒரு கிராம்கூடக் குறையாது. வெள்ளம் வடிந்ததும் அது எங்கள் மண்ணில்தான் படியும். கரைசலைத் திருப்பிப் பயன்படுத்துவதையும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்துக்கு மானியம் கேட்பதையும் முழு மனதோடு ஆதரிக்கிறேன். உங்களோடு சேர்ந்து மனுக்கூடக் கொடுக்கிறேன். மதகைத் திறக்கும் பேச்சு மட்டும் வேண்டாம். வெள்ள மாதத்துக்கு என்று ஒருமுறை சலுகை கொடுத்தால், எந்த இரவில் யார் திறந்தார்கள் என்று விடியும் வரை காவல் காக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.