புதுப்பிப்பு: எங்க பெக்டரி ஃபயர் சிலிண்டரெல்லாம் திருப்பி எடுத்துட்டாங்க

போன மாசம் எழுதியிருந்தேனே, ஹட்டன் பக்கம் எங்க தேயில பெக்டரியில ட்ரையர் அடுப்புகிட்ட சாக்குல தீ புடிச்சப்ப சிலிண்டர் லீவர எவ்வளவு அமுக்கியும் பவுடர் வரலன்னு, இப்ப வித்தவங்களே ஆள் அனுப்பி அந்த லொட்ல (ஒரே தொகுதியா செஞ்சது) வந்த 14ஐயும் கழட்டிட்டு போயிட்டாங்க. ஒன்ன என் முன்னாடியே பிரிச்சாங்க, மேல இருக்க பிரஷர் மீட்டர் முள்ளு பச்சையிலதான் நிக்குது ஆனா உள்ள வால்வு தண்டு ரெண்டா ஒடஞ்சிருக்கு, பார்த்ததும் வயிறு கலங்கிருச்சு. முள்ளு பிரஷர மட்டுந்தான் காட்டும், வால்வு தெறக்குமான்னு காட்டாதுங்க. 2017ல அமெரிக்காவுலயும் பிளாஸ்டிக் கைப்பிடி சிலிண்டர் 3 கோடியே 70 லட்சத்துக்கு மேல திருப்பி எடுத்தாங்க. புதுசு வர்ற வரைக்கும் தொரகிட்ட பேசி ட்ரையர் ரூம்ல மணல் வாளி வச்சிருக்கோம், நைட் ஷிப்ட் அக்காமாருக்கும் காட்டிக் குடுத்தாச்சு. உங்க பெக்டரி சிலிண்டர் லேபல்லயும் லொட் நம்பர பாருங்க.