அம்மாவுக்கு முதியோர் இல்லம் பாக்குறோம், தெரிஞ்சவங்க உதவுங்க

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மாவுக்கு 76 வயசு, மறதி கூடிப்போச்சு. அடுப்பைப் பத்தவச்சுட்டு கடற்கரைப் பக்கம் போயிடுறாங்க. நான் சென்னையில, தம்பி துபாயில. தங்கச்சிமடத்து வீட்டுல தனியா விட முடியல. மண்டபம், ராமநாதபுரம், கீழக்கரை பக்கம் நல்ல இல்லமா தேடுறோம்.

போன வாரம் ஒண்ணைப் போய்ப் பாத்தேன். முன்வாசல் பளிச்சுன்னு இருந்துச்சு. பின்வாசல் பூட்டு உப்புக்காத்துல துருப்பிடிச்சு, சாவியே நுழையல. "ராத்திரி தீப்பிடிச்சா எந்த வழியா வருவாங்க?"ன்னு கேட்டேன், பதில் இல்ல. 2001 ஆகஸ்ட் 6-ல ஏர்வாடி மனநலக் காப்பகத்துல சங்கிலியில கட்டிக்கிடந்த 28 பேர் தீயில போனதைப் பாத்த மாவட்டம் இது. அதுக்கப்புறமும் இப்படியான்னு வயிறு கலங்கிடுச்சு. மாத்திரையெல்லாம் பேரெழுதாத டப்பாவில கிடந்துச்சு. ஒரு பாட்டி என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு "கொஞ்சம் தண்ணி குடும்மா"ன்னாங்க. அங்க அம்மாவை விடவே மாட்டேன்.

பதிவுச் சான்றிதழ் சரியான்னு மாவட்ட சமூகநல அலுவலகத்துல விசாரிச்சவங்க யாராவது இருக்கீங்களா? என்னென்ன காகிதம் கேக்கணும்? ராத்திரி எத்தனை ஆள் இருக்காங்க, படுக்கைப்புண் வராம திருப்பிப் படுக்க வைக்கிறாங்களா, மாசாமாசம் எடை பாக்குறாங்களா, இதையெல்லாம் நீங்க எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க? முதியோர் உதவி எண் 14567-க்கு நாளைக்குக் கூப்பிடப்போறேன். பேசினவங்க அனுபவத்தைச் சொல்லுங்க. உங்க வீட்டுப் பெரியவங்க இருக்கிற இடம்னா, பொழுது சாஞ்சப்புறம் சொல்லாமக் கொள்ளாமப் போனா அங்க எப்படி இருக்கும்னு கட்டாயம் எழுதுங்க.