லோ ரேஞ்சுல மேடு ஏறினா மட்டும் ஹீட் ஆகுது, உதவி பண்ணுங்க

ஷார்ட் வீல்பேஸ் ஜீப், பழைய பெட்ரோல் இன்ஜினை எடுத்துட்டு 2.5 லிட்டர் டர்போ டீசல் வெச்சிருக்கேன், மெக்கானிக்கல் பம்ப், எல்லாமே வீட்டு ஷெட்லயே பண்ணது. ரோட்ல 80ல எவ்ளோ நேரம் ஓட்டினாலும் 88 டிகிரி தாண்டாது. ஆனா 4 லோல, அதாவது நாலு வீலும் இழுக்குற லோ ரேஞ்ச் கியர்ல, மெதுவா மேடு ஏறினா பத்தே நிமிஷத்துல 108 போயிடுது, நிறுத்தி ஐடில்ல விட்டா மெல்ல இறங்கும். ரெண்டு மாசம் முன்னாடி ரேடியேட்டருக்கு முன்னால இன்டர்கூலர் (டர்போல இருந்து வர்ற சூடான காத்தைக் குளிர வைக்கிறது) மாட்டினதுல இருந்துதான் இந்தக் கூத்து.

தெர்மோஸ்டாட் புதுசு, கேப் புதுசு, ஏர் முழுசா எடுத்தாச்சு. ஹெட் கேஸ்கெட்டோன்னு பயந்து பிளாக் டெஸ்ட் (கூலன்ட்ல எரிஞ்ச கேஸ் கலக்குதான்னு பாக்குறது) பண்ணேன், திரவம் நீலமாவே இருந்துச்சு, அதாவது கேஸ் கலக்கல, அன்னைக்குத்தான் நிம்மதியா தூங்கினேன். ரேடியேட்டர் கீழ் ஹோஸ் சப்பி போகல. ரெண்டு 12 இஞ்ச் எலக்ட்ரிக் ஃபேன், ஷ்ரவுடோட (ஃபேனைச் சுத்தி இருக்குற கூடு) ரேடியேட்டருக்குப் பின்னாடி காத்தை இழுக்குற மாதிரி இருக்கு, ஓடும்போது மோட்டார் கிட்டயே 13.4 வோல்ட் வருது, அதனால வயரிங் மேல சந்தேகமில்ல. பானட்டைத் தூக்கி வெச்சு ஓட்டினா 4 டிகிரி குறையுது, அவ்ளோதான்.

இதே மாதிரி செட்டப் வெச்சிருக்கவங்க சொல்லுங்க, இன்டர்கூலரை வேற இடத்துக்கு மாத்தணுமா, இல்ல எலக்ட்ரிக் ஃபேனை கழட்டிட்டு இன்ஜின் சுத்துறதுலயே ஓடுற அதோட விஸ்கஸ் ஃபேனையே திரும்பப் போடலாமா?