கையெழுத்துக்கு முன்னால் தீர்மானத்தைப் படியுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி கிராம சபை, தேர்தல் அனுபவங்கள்

பாலக்கோட்டிலிருந்து, தொடங்கி வைப்பவர்:

மக்களாட்சியின் நல்லது கெட்டதைப் பேச உட்கார்ந்தால் பேச்சு கோட்டைக்கும் டெல்லிக்கும் போய்விடுகிறது. தருமபுரி மாவட்டத்தில் 251 கிராம ஊராட்சிகள், கிருஷ்ணகிரியில் 333. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் அந்தந்த ஊரின் கிராம சபை உறுப்பினர்கள். நடுவில் பிரதிநிதி கிடையாது, நேராக நாமே கேட்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் என்ன பலன் கிடைக்கிறது, எங்கே பழுதாகிறது, ஏன் பழுதாகிறது? கிராம சபையோ, ஓட்டுச்சாவடியோ, வழக்கோ, அருகிலிருந்து தெரிந்தவர்கள் எழுதுங்கள். பொதுவாகத் திட்டுவதை விட்டுவிட்டு விவரமாக எழுதினால் நாலு பேருக்கு உதவும்.

காரிமங்கலம், ஊராட்சி நிர்வாகம் அறிந்தவர்:

முதலில் கணக்கு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு கூட்டம் இருந்தது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு. கூட்டத்துக்கு 7 நாள் முன்னால் அறிவிப்பு வர வேண்டும். குறைவெண் வரம்பு (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.

பழுது இந்த எண்ணில்தான் ஆரம்பிக்கிறது. 200 பேர் வேண்டும் என்றால் எளிய வழி நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே புளியமரத்தடிக்கு அழைத்து வந்து உட்கார வைப்பது. பெரும்பாலும் வயதான பெண்கள். மைப்பெட்டி சுற்றி வரும், கட்டைவிரல் ரேகை விழும், எழுந்து போவார்கள். அன்று காலையில் அந்தப் பக்கத்தில் தீர்மானம் ஒரு வரிகூட எழுதியிருக்காது. சாயங்காலமோ மறுநாளோ எழுதுவார்கள். இதில் எல்லா நேரமும் திருட்டு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பேச வேண்டிய பொருள் பட்டியலில் இருபது இனம் இருக்கும், செயலர் ஒருவர், வெயில் ஏறுகிறது. ஆனால் திருட்டு நடக்க வேண்டுமென்றால் அதற்கான கதவு இதுதான்.

கதவை அடைக்கிற வழி இருக்கிறது. ஒவ்வொரு பொருளையும் வாசித்தவுடன் தீர்மானத்தை அங்கேயே எழுதச் சொல்லுங்கள். “வாசித்து அங்கீகரிக்கப்பட்டது” என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். எந்தத் தெரு, எத்தனை மீட்டர், எந்த நிதி என்று இருக்க வேண்டும். கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் குறுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பக்கத்தை போனில் ஒரு படம். ஐந்து நிமிட வேலை. ஐந்து பேர் சேர்ந்து கேட்டால் யாரும் மறுப்பதில்லை, ஒருவர் தனியாகக் கேட்டால் “எதுக்கு தம்பி பிரச்சனை பண்றே” என்ற பேச்சு வரும்.

மொரப்பூர், வாசகி:

ஐயா, வரவு செலவை எப்படிக் கேட்பது? வாசிக்கிறார்கள், ஒன்றும் புரிவதில்லை.

காரிமங்கலம்:

படிவம் 30 கேளுங்கள் அம்மா. ஊராட்சியின் வரவு செலவு அதில்தான் இருக்கும். மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம், மூன்று இடத்தை மட்டும் பாருங்கள்: மோட்டார் பழுது, குழாய் பழுது, தெருவிளக்கு. ஒரே மோட்டாருக்கு மூன்று மாதத்தில் எத்தனை முறை காயில் கட்டியதாகக் கணக்கு இருக்கிறது என்று எண்ணுங்கள். டேங்க் ஆபரேட்டரும் கூட்டத்தில்தான் இருப்பார், அவரிடமே கேட்கலாம். சிமென்ட் சாலையை ஒப்பந்ததாரர் கணக்கில் சரிபார்க்கப் பொறியாளர் வேண்டும். மோட்டார் ஓடியதா நின்றதா என்பது குடம் தூக்குகிற எல்லாருக்கும் தெரியும்.

தளி பக்கம்:

எங்கள் பக்கத்துச் சிக்கல் வேறு. ஓர் ஊராட்சிக்குள் பல குக்கிராமங்கள், நடுவில் காடும் மேடும். தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டில் பேசுவது கன்னடம் அல்லது தெலுங்கு. அறிவிப்பும் தீர்மானமும் தமிழில். இளையவர்கள் சமாளிக்கிறார்கள், பாட்டிமார்களுக்குப் பாதிதான் போய்ச் சேருகிறது. கூட்டத்தை ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் சுழற்சியில் நடத்த வேண்டும் என்பது விதி. நடப்பில் ஊராட்சி அலுவலகம் இருக்கிற பெரிய ஊரிலேயே நடக்கும், அந்த ஊர்த் தெருவுக்கே முதலில் சாலை வரும். பெரும்பான்மை என்பது பல இடங்களில் “பக்கத்தில் வீடு இருக்கிறவர்கள்” என்றே ஆகிவிடுகிறது. இது எனக்கு ஆறாத குறை.

செய்ய வேண்டியது: அடுத்த கூட்டம் எந்தக் குக்கிராமத்தில் என்பதை இந்தக் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுத வைப்பது. ஒருமுறை எழுதிவிட்டால் மாற்றுவது கடினம். அறிவிப்பை ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் அந்தந்த மொழியில் சொல்லச் சொல்லலாம்.

பென்னாகரம், குடிநீர்ப் பணி அறிந்தவர்:

கை தூக்கி முடிவெடுக்கக் கூடாத விஷயமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதிக் கிராம சபைகளில் வருடம் தவறாமல் வருகிற கோரிக்கை: புது போர் (ஆழ்துளைக் கிணறு) போடு, இன்னும் ஆழமாகப் போடு. மொத்த ஊரும் ஒரே குரலில் கேட்கும். நம் மண்ணுக்கு அடியில் கடினப்பாறை. அதில் நீண்ட காலம் தங்கிய தண்ணீரில் ஃப்ளோரைடு ஏறிவிடுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் மேல் வரம்பு. அதைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. பல வருடம் குடித்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகும். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆற்றுத் தண்ணீர் குறைகிற நாளில் போர் தண்ணீரை அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவிட்டால் அத்தனை பணமும் வீண்.

அதனால் “புது போர் வேண்டும்” என்ற தீர்மானத்தோடு ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: “நீர்ப் பரிசோதனை அறிக்கை அடுத்த கிராம சபையில் வைக்கப்பட்ட பிறகே தொட்டியில் இணைக்கப்படும், வரம்பு மீறினால் குடிக்கத் தவிர மற்ற புழக்கத்துக்குத் தனிக் குழாய்.” கேட்பது மக்களின் உரிமை, அளப்பது ஆய்வகத்தின் வேலை. இரண்டும் ஒரே தாளில் இருந்தால் சண்டை வராது.

அதே வட்டம், தேர்தல் பணி அறிந்தவர்:

கோட்டூர் மலையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2019, 2021 தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் மேலே போயின. கோணிக்குள் கருவி, கயிற்றுக் கட்டு, பின்னால் நடந்து ஏறும் போலீஸும் அலுவலர்களும். அந்த மலைவாசியின் ஓட்டும் சென்னைவாசியின் ஓட்டும் ஒரே எடை என்பதற்காக அரசு அவ்வளவு தூரம் ஏறுகிறது. அதே அரசு சாலை போட அவ்வளவு சீக்கிரம் ஏறுவதில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு தருமபுரித் தொகுதியில்தான், 81 சதவீதத்துக்கு மேல்.

சாவடியில் பழுதாவது பெரும்பாலும் மாதிரி வாக்குப்பதிவில். பதிவு தொடங்கும் முன் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டு போட்டு, முடிவையும் விவிபேட் சீட்டுகளையும் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டும் அச்சுச் சீட்டு) ஒப்பிட்டு, பிறகு கட்டுப்பாட்டுக் கருவியில் அதை அழிக்க வேண்டும். அவசரத்தில் அழிக்காமல் விட்டால் சாயங்காலம் பதிவேட்டுக்கும் கருவிக்கும் அந்த ஓட்டுகள் அளவு வித்தியாசம் வரும். முகவராக உட்காருகிறவர் எந்தக் கட்சியானாலும் இரண்டைச் செய்யுங்கள்: அழித்த பிறகு மொத்தம் பூஜ்யம் காட்டுகிறதா என்று கண்ணால் பாருங்கள். முடிந்ததும் படிவம் 17சி (பதிவான வாக்குகளின் கணக்கு) நகலை வாங்காமல் எழுந்து வராதீர்கள். எண்ணும் நாளில் கருவி காட்டும் எண்ணோடு ஒப்பிட உங்கள் கையில் இருக்கிற ஒரே தாள் அதுதான்.

உங்கள் பெயரில் வேறொருவர் ஓட்டுப் போட்டுவிட்டால் திரும்பிப் போக வேண்டாம். அடையாளத்தை நிரூபித்து 49பி (49P) விதியின்படி ஆய்வுக்குரிய வாக்கு கேளுங்கள். அது இயந்திரத்தில் விழாது, தனிச் சீட்டாக உறைக்குள் போகும். சாதாரண எண்ணிக்கையில் சேராது, நீதிமன்றத்துக்குப் போனால்தான் பிரிக்கப்படும். அதில் பலருக்கு ஏமாற்றம். ஆனாலும் போடுங்கள், கள்ள ஓட்டு விழுந்தது என்பதற்கு அந்த உறைதான் சாட்சி.

ஊராட்சித் தேர்தல் வேறு மாதிரி. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள் என்று நாலு சீட்டு. எண்ணுவதற்கு முன் நிறம் பிரிப்பதே பெரிய வேலை. செல்லாத ஓட்டு விழ முக்கியக் காரணம் மடிப்பு: மை காயும் முன் தப்பாக மடித்தால் அச்சு இன்னொரு சின்னத்தின் மேல் பதியும். முதலில் நெட்டுக்கு மடித்துப் பிறகு குறுக்கே மடிக்க வேண்டும். வயதானவர்களுக்கு வீட்டிலேயே ஒரு பழைய தாளில் மடித்துக் காட்டிவிடுங்கள்.

பர்கூர்:

ஒரு வரி நானும். 1991-ல் எங்கள் தொகுதியில் வென்று முதலமைச்சரான ஜெயலலிதா 1996-ல் இதே தொகுதியில் தோற்றார். பதவியில் இருக்கிற முதலமைச்சர், இத்தனை போலீஸ், இத்தனை அதிகாரம். ஒரு கல்கூட எறியாமல் காகிதச் சீட்டால் இறக்கிவிட்டார்கள். மன்னராட்சியிலோ ராணுவ ஆட்சியிலோ இதற்கு எத்தனை உயிர் போயிருக்கும்? மக்களாட்சியின் ஆகப்பெரிய நன்மை என்று நான் நினைப்பது இதைத்தான்.

ஊத்தங்கரை:

தலைவர் பதவி ஏலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. கோயில் திருப்பணிக்கு யார் அதிகம் தருகிறாரோ அவருக்கே பதவி, மற்றவர் மனு போடக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிப்பார்கள். “செலவு மிச்சம், சண்டை இல்லை” என்று நியாயமும் சொல்வார்கள். கொடுத்த பணத்தை அவர் எங்கிருந்து திரும்ப எடுப்பார் என்பதை யாரும் கேட்பதில்லை. ஊர்க்கூட்டத்தில் பெண்களும் காலனி மக்களும் உட்காருவதே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தலைவர் பதவிக்கு வைப்புத்தொகை 600 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 300. ஒரே ஒருவர் மனு போட்டு நிலைத்து நின்றால் ஏலம் செல்லாது, தேர்தல் நடந்தே தீரும். அந்த ஒருவருக்கு வருகிற மிரட்டல்தான் தடை. மனுவை எடுக்கச் சொல்லி மிரட்டினால் தேதி, நேரத்தோடு தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும்.

இன்னொன்று காசோலை. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒருவர் தனியாகப் பணத்தை எடுக்க முடியாதபடி வைத்த நல்ல பூட்டு. ஆனால் இருவருக்கும் ஆகவில்லை என்றால் முதலில் அடிபடுவது தூய்மைக் காவலரின் சம்பளம். பெண் தலைவர், அதிலும் தலித் பெண் தலைவர் என்றால் துணைத் தலைவர் வேண்டுமென்றே கையெழுத்தை நிறுத்தி வைப்பது உண்டு. வாய்ப்பேச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். எந்தத் தேதியில் எந்தப் பட்டியல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது என்று எழுதி ஆட்சியருக்கு அனுப்பினால் ஊராட்சிகள் சட்டத்தின் 203-வது பிரிவில் அவர் மாற்று ஏற்பாடு செய்யலாம்.

அரூர்:

மேலே எழுதியதெல்லாம் சரி. அரசே தவறு செய்தால் என்ன ஆகும்? வாச்சாத்தி எங்கள் பக்கத்து ஊர். 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். அங்கே இருப்பவர்கள் மலையாளி என்ற பெயருள்ள மலைப் பழங்குடி மக்கள், கேரளத்தவர் அல்ல. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, கிணற்று நீரைக்கூட விட்டுவைக்கவில்லை. அன்றைக்கு இருந்ததும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுதான், அது நடக்கவே இல்லை என்று சொன்னது. மலைக்கிராமத்தின் ஓட்டு எண்ணிக்கை எவ்வளவு? அதனால் யாருக்கு நஷ்டம்? இது மக்களாட்சியின் உண்மையான ஓட்டை, இதை மறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் நீதிக்காகத் திறந்தது மக்களாட்சியின் இன்னொரு கதவுதான். மார்க்சிஸ்ட் கட்சியும் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் வழக்கு நடத்தின. 1995-ல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அதில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 31 வருடம். அரசு ஊழியர்கள் 215 பேரை ஒரு மலைக்கிராமம் கூண்டில் ஏற்றியது வேறு எந்த ஆட்சி முறையிலும் நடந்திருக்காது என்று நம்புகிறேன். 31 வருடம் ஆனதையும் மன்னிக்க முடியவில்லை.

பாலக்கோடு, தொடங்கியவர்:

அரூர்க்காரர் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதையும் தட்டச்சு செய்ய முடியவில்லை. நன்றி.

தேர்தலே நடக்காத காலத்தையும் பதிந்து வைக்கிறேன். பதவிக்காலம் ஐந்து ஆண்டு, அது முடியும் முன் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 243இ பிரிவு சொல்கிறது. நம் மாவட்டங்களில் 2016 அக்டோபரில் முடிந்தது, தேர்தல் 2019 டிசம்பர் 27, 30-ல்தான். மூன்று வருடம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள். மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதியும் அதனால் நின்றது. பிறகு 2025 ஜனவரி 5-ல் பதவிக்காலம் முடிந்தபோது மறுபடி தனி அலுவலர்கள். ஒரு தனி அலுவலர் பொறுப்பில் பல ஊராட்சி. தெருக்குழாய் உடைந்தால் வீட்டு வாசலில் போய் நின்று கேட்க ஆள் இல்லை.

மொரப்பூர், வாசகி:

தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை நடக்குமா? தீர்மான நகல் கேட்டால் தருவார்களா?

காரிமங்கலம்:

நடக்கும் அம்மா, அதே தேதிகளில். நகலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில் வெள்ளைத்தாளில் எழுதுங்கள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்று நகல் வைத்தால் போதும். “ஏன்” என்று கேள்வி கேட்காதீர்கள், ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: இன்ன தேதி கிராம சபையின் தீர்மானப் பதிவேட்டு நகல், வருகைப் பதிவேட்டு நகல், படிவம் 30 நகல். ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். வேறு அலுவலருக்குப் போக வேண்டியதென்றால் 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், மனு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்துதான் 30 நாள் கணக்கு.