புல்லட் 350: சூடேறினால் சைலன்சரில் 'பட் பட்'. கார்புரேட்டரா, டைமிங்கா?

சைடுகிக்:
1994 மாடல் புல்லட் 350. காஸ்ட் அயர்ன் இன்ஜின், பாயின்ட் செட் (பிளக்கில் பொறி வரக் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்), மிக்கார்ப் கார்புரேட்டர். காலையில் ரெண்டே உதையில் பிடித்துக்கொள்கிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிச் சூடேறியதும் ஐட்லிங் நிற்பதில்லை, ஆக்சிலேட்டரை விட்டால் 'பட் பட்'. மேட்டில் இழுவையே இல்லை. பெண்ட் பைப்பு (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாய்) நீலம் பாய்ந்திருக்கிறது, பிளக் வெளுப்பு. கார்புரேட்டரை ரெண்டு முறை கழுவி மெயின் ஜெட்டும் (பெட்ரோல் போகும் துளை) மாற்றியாயிற்று. அடுத்து எங்கே கை வைக்கலாம்?

ஆம்மீட்டர்முள்:
முதலில் பழைய மெயின் ஜெட்டையே திருப்பிப் போடுங்கள். ஆக்சிலேட்டரில் முக்கால் திருகலுக்கு மேல்தான் அதற்கு வேலை, ஐட்லிங்கில் அதற்குப் பங்கே கிடையாது.

வண்டி சூடாகித் தகராறு பண்ணும்போது சோக்கை லேசாகப் போட்டுப் பாருங்கள். சத்தம் அடங்கினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. மாறாவிட்டால் கரண்ட் பக்கம் போங்கள். இருட்டில் பாயின்ட் மூடியைக் கழற்றிவிட்டு ஓடவிட்டால் சின்னப் பொறி தெரிவது சகஜம்தான். வெள்ளையாகப் பளிச்சென்று அடித்தால் கண்டென்சர் (பாயின்ட்டில் பொறியை அடக்கும் பாகம்) போச்சு. புதியதை வெளியிலேயே ஒயர் இழுத்துக் கட்டி ஓட்டிப் பார்க்கலாம்.

டாப்கியர்:
வரிசை முக்கியம்: டேப்பெட் (வால்வு இடைவெளி), பாயின்ட் கேப் (பாயின்ட் திறக்கும் இடைவெளி), டைமிங் (பொறி விழும் நேரம்), கடைசியில்தான் கார்புரேட்டர்.

டேப்பெட்டை இன்ஜின் ஆறியபின் பாருங்கள். புஷ்ராடு (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பாயின்ட் முழுசாகத் திறந்த நிலையில் கேப் 0.35 முதல் 0.40 மி.மீ.

டைமிங், அட்வான்ஸ் (வேகம் கூடும்போது பொறியை முன்னால் தள்ளும் அமைப்பு) முழுசாகப் பின்வாங்கிய நிலையில், டாப்புக்கு (பிஸ்டன் எட்டும் உச்சி) 0.8 மி.மீ. முன்னால். பிளக்கைக் கழற்றி, சென்டர் ஸ்டாண்டில் டாப் கியர் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்தானா என்று பிளக் ஓட்டையில் விரல் வைத்தால் தெரிந்துவிடும். டாப்பைக் கண்டுபிடித்து, சக்கரத்தை நன்றாகப் பின்னால் இழுத்துவிட்டு, மெதுவாக முன்னோக்கி மட்டும் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் டைமிங் கியர் பற்களின் ஆட்டம் கணக்கைக் கெடுக்கும். பிளக் ஓட்டை சாய்வு என்பதால் பிஸ்டனை அளக்க உள்ளே விட்ட கம்பி சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்லைட்டை அணைத்துச் சாவியைப் போட்டால் பாயின்ட் ஒட்டியிருக்கும்வரை ஆம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். பிரிகிற நொடியில் நடுவுக்கு வந்துவிடும். அது 0.8-இல் நடக்க வேண்டும். இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டரை (பாயின்ட் இருக்கும் டப்பா) தளர்த்தி மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். அது கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இங்கே 1 டிகிரி, கிராங்கில் 2. பாயின்ட்டைத் திறக்கும் கேமை விரலால் திருகி விட்டால் ஸ்பிரிங் டப்பென்று இழுத்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். மந்தமாக வந்தால் மண்ணெண்ணெயில் கழுவி ஒரு சொட்டு ஆயில்.

வேலை முடிந்ததும் சாவியை அணைக்க மறக்காதீர்கள், காயில் வெந்துவிடும்.

சைடுகிக்:
கேப் 0.2-தான் இருந்தது. சரிசெய்து டைமிங்கும் வைத்தேன். மேட்டில் நன்றாக இழுக்கிறது. ஆனால் விட்டதும் வரும் 'பட் பட்' குறைந்ததே தவிரப் போகவில்லை. இப்போது சோக் போட்டால் அடங்குகிறது.

டாப்கியர்:
கேமில் உரசும் ஃபைபர் தேய்ந்தால் கேப் சுருங்கும், பாயின்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்னால் போகும். பைப்பு நீலமானது இதனால்தான் இருக்கும். ஃபைபரில் துளி கிரீஸ் தடவுங்கள். பாயின்ட்டில் பட்டுவிடக் கூடாது. இனி கேப்பைத் தொட்டால் டைமிங்கையும் பார்த்தே ஆக வேண்டும்.

ஜெட்ஊசி:
மிச்சமிருப்பது காற்றுக் கசிவு. ஐட்லிங்கில் விட்டு, கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் கார்புரேட்டர் கிளீனரைச் சின்னதாகப் பீய்ச்சுங்கள் (பெட்ரோல் வேண்டவே வேண்டாம்). வேகம் மாறினால் கசிவு அங்கேதான். நட்டை முறுக்கி முறுக்கியே ஃபிளாஞ்ச் (கார்புரேட்டரின் தட்டை விளிம்பு) வளைந்திருக்கும். கண்ணாடிமேல் எமரி தாளை விரித்துத் தேய்த்துச் சமமாக்கி, புது ஓ-ரிங் போடுங்கள். சைலன்சர் ஜாயின்ட் தளர்ந்தாலும் இதே சத்தம் வரும்.

பிறகு சூடான இன்ஜினில் ஏர் ஸ்க்ரூவை (ஐட்லிங் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகு) முழுசாக மூடி ஒன்றரைச் சுற்று திறந்து, வேகம் அதிகமாகிற இடத்தைத் தேடுங்கள். உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். மூடிய நிலையிலிருந்து அரைச் சுற்றுக்குள்ளேயே அந்த இடம் வந்துவிட்டால் பைலட் ஜெட் (ஐட்லிங்குக்கான பெட்ரோல் துளை) அடைத்திருக்கிறது, அல்லது சின்னது.