போர்க்கால ஜப்பானில் வாசிப்புக் குழு

மேலூர்க்காரன்: எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறோம். உலகப்போர் சமயம் ஜப்பானிலும் இளைஞர்களைக் கூட்டிவைத்துப் படிக்க வைத்தார்களாமே, எப்படி?

வைகைக்கரை: அதற்குப் பெயர் டொகுஷோகாய். இஷிகாவா மாகாண நூலகத் தலைவர் நகாட்டா குனிசோ 1930களில் கிராமத்து வாலிபர்களுக்காக வளர்த்தது. புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து, வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டு கூடிப் பேச வேண்டும். அவர் நினைத்தது சுயகல்வி. 1942இல் கல்வி அமைச்சகம் கையில் எடுத்ததும் போருக்கு மனதைத் தயார்செய்யும் வேலையாகிவிட்டது.

தெப்பக்குளத்தான்: அதே நகாட்டாதான் அப்புறம் டோக்கியோ ஹிபியா நூலகத் தலைவரானார். குண்டுவீச்சுக்குப் பயந்து சுமார் 4 லட்சம் புத்தகங்களை வெளியூருக்கு அனுப்பினார்கள். பள்ளி மாணவர்களும் சுமந்தார்கள். 1945 மே மாதம் நூலகம் எரிந்தது.

மேலூர்க்காரன்: வழிகாட்டி என்றதும் சுருக்கென்றது. போன வாரம் கதை முடிந்ததும் 'இதுதான் அர்த்தம்' என்று நானே சொல்லிவிட்டேன். பென்சிலைக் காதில் செருகியிருந்த ஒரு பெண், "அண்ணே, நான் வேற மாதிரி நினைச்சேன், சொல்லவா வேணாமா?" என்றாள்.

வைகைக்கரை: சரி, சொன்னாளா?

மேலூர்க்காரன்: பாதிதான். அதற்குள் நூலகர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டார்.