கெடி இடிபாடுகள்: அரபிகள் கட்டியதா?

கடலோடி:
கென்யா பயணம் பற்றி இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: "மொம்பாசாவில் ஃபோர்ட் ஜீசஸ் கோட்டையைப் பார்த்தால் போதும், கெடி அரபிகள் கட்டிவிட்டுப் போன பாழடைந்த ஊர், நேரம்தான் வீண்." படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. கெடியைக் கட்டியவர்கள் கென்யக் கடற்கரையின் சுவாஹிலி மக்கள். பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மசூதி, அரண்மனை, கிணறு, கழிப்பறை என்று ஒரு நகரமே மரங்களுக்கு நடுவில் கிடக்கிறது. 2024-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. நேரம் வீணாம்!

நெடுஞ்சாலை ராஜா:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். அங்கே ஒரு கல்லறையில் ஹிஜ்ரி 802 என்று அரபு எழுத்தில் வெட்டியிருக்கிறது, அதாவது 1399. அரபு எழுத்து! வேறு யார் கட்டியிருப்பார்கள்?

கடலோடி:
இஸ்லாத்தைத் தழுவியவர்கள் கல்லறையில் அரபு எழுதாமல் வேறு என்ன எழுதுவார்கள்? பெரிய மசூதியின் வாசலுக்கு மேலே ஆப்பிரிக்கச் சின்னமான ஈட்டிமுனை செதுக்கியிருக்கிறதே, பார்த்தீர்களா, இல்லை அதற்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டீர்களா? லாமு தீவுப் பக்கம் ஷங்கா என்ற பழைய சுவாஹிலி ஊரில் தோண்டியபோது கல் மசூதிக்கு அடியிலேயே பழைய மர மசூதிகள் கிடைத்தன, 8ஆம் நூற்றாண்டு வரைக்கும் போகிறது. கப்பலில் வந்து இறங்கியவன் ஒரே மூச்சில் கட்டியது இல்லை, உள்ளூர்க்காரன் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தது.

நெடுஞ்சாலை ராஜா:
ஷங்கா வேறு, கெடி வேறு. கெடியைத் தோண்டிய கிர்க்மன் 1954-இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'அரபு நகரம்' என்றுதான் போட்டார். தோண்டியவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

கடலோடி:
காலனி ஆட்சிக் காலத்தில், ஆப்பிரிக்கனுக்குக் கல் கட்டடம் கட்டத் தெரியாது என்று வெள்ளைக்காரர்கள் நம்பிய நாளில் வைத்த தலைப்பு அது. அதற்குப் பிறகு வந்த ஆய்வாளர்கள் எழுதியதையும் படியுங்கள். லாமு விவாதத்திலும் இதே பிடிவாதம்தான் பிடித்தீர்கள், மறக்கவில்லை.

மல்லிகா:
இரண்டு பேரும் நிறுத்துங்கள். சுவாஹிலி ஊர்களின் பழைய எலும்புகளை வைத்து 2023-இல் வந்த மரபணு ஆய்வில் ஆண்வழி பெரும்பாலும் பாரசீகம், பெண்வழி ஆப்பிரிக்கா என்று வந்தது. அரபியும் இல்லை, உள்ளூர் மட்டும் என்பதும் இல்லை.

கடலோடி:
அம்மா, அந்த எலும்புகள் ம்த்வாபா, மண்டா, கில்வா மாதிரி ஊர்களில் எடுத்தவை, கெடியில் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டாலும் தாய்வழி ஆப்பிரிக்கா, பேசிய மொழி ஆப்பிரிக்காவின் பாண்டு குடும்பத்து மொழி, பிறகு ஊர் யாருடையது? போர்த்துகீசியர் 1593-இல் கட்டத் தொடங்கிய கோட்டையை, வெள்ளைக்காரன் 1958 வரை சிறையாக வைத்திருந்த கோட்டையைப் பார்க்க வரிசையில் நிற்கிறோம், மண்ணின் மக்கள் கட்டிய நகரத்தை வந்தவன் கணக்கில் எழுதுகிறோம்.

நெடுஞ்சாலை ராஜா:
802. அரபு எழுத்து. இன்னும் பதில் வரவில்லை.

வட்டாமு வாசி:
கட்டியவர் யாராக இருந்தாலும் சரி, அங்கே குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள்.

மல்லிகா:
வழிகாட்டிகளே பழத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்கிறார்கள், எங்களை ஏன் குறை சொல்கிறீர்கள்?

கடலோடி:
கொடுத்தால் வாங்கிவிடுவதா? பழம் வாங்குகிற காசில் கூட ஒரு மணிநேரம் வழிகாட்டியை வைத்துக்கொண்டு அந்த ஈட்டிமுனையைக் காட்டச் சொல்லுங்கள். ராஜா, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.